வளைபாதம்: கட்டு ஒன்பது வாரம், பூட்ஸ் நான்கு வருஷம்

காங்கேயம் பக்கம் அம்மா வீட்டில் பிரசவத்துக்கு வந்திருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. பையன் பிறந்து 11 நாள் ஆகிறது. இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. பிறந்த ஆஸ்பத்திரியில் உடனே மாவுக்கட்டு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அம்மா, விளக்கெண்ணெய் போட்டு நீவினால் தானாக நிமிர்ந்துவிடும் என்கிறார். மாமியார் வீட்டில், கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று கேட்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், பச்சைக் குழந்தைக்கு எதற்குக் கட்டு, ஒரு வயசு ஆனதும் ஆபரேஷன் பண்ணிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது, பையன் நடப்பானா என்பதுதான் கேள்வி.

நடப்பான். ஓடுவான், சைக்கிள் ஓட்டுவான், கபடியும் ஆடுவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதில் காதில் விழும்வரை எந்தத் தாய்க்கும் மற்றது எதுவும் மனதில் ஏறாது என்பதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். நான் ஈரோட்டில் பிசியோதெரபிஸ்ட். வாரத்தில் ஒரு நாள் முழுக்க, வளைபாதம் என்னும் இந்தக் குறையோடு பிறந்த குழந்தைகளோடுதான். டாக்டர் பாதத்தைத் திருத்திப் பிடித்துக்கொள்ள, பஞ்சும் மாவுக்கட்டும் சுற்றுவது என் வேலை. கட்டெல்லாம் முடிந்த பிறகு, பாதம் திரும்ப வளையாமல் இருக்க மாட்டும் கம்பி வைத்த பூட்ஸைக் கட்டக் கற்றுக்கொடுப்பதும் நான்தான். கட்டு போடச் சொன்ன ஆஸ்பத்திரியின் பேச்சைக் கேளுங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் கிரகணம். நீங்கள் வெளியே வந்ததாலோ, அரிவாள்மனையில் காய் நறுக்கியதாலோ இது வரவில்லை. கிட்டத்தட்ட 800 முதல் 1000 பிரசவங்களுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. பெண் குழந்தைகளைப் போல இரண்டு மடங்கு ஆண் குழந்தைகள். பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். கிரகண வழக்கமே இல்லாத நாடுகளிலும் இப்படித்தான் பிறக்கிறார்கள். கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் பாதம் வளைய ஆரம்பிக்கிறது. பரம்பரைக்கு ஓரளவு பங்கு உண்டு, ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு காரணம் என்று எதையும் கை நீட்டிச் சொல்ல முடியாது. ஸ்கேனில் தெரிந்திருந்தாலும் வயிற்றுக்குள் வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது. மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். பின்னால் அவருடைய கை உங்களுக்கு நிறையத் தேவைப்படும். அதற்கு வருகிறேன்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் பாதம் உள்ளே திரும்பியிருந்தாலே வளைபாதம் என்று ஆகிவிடாது. வயிற்றுக்குள் இடம் நெருக்கியதால் மடங்கிப் படுத்த பாதமும் உண்டு. அதை மெதுவாக விரலால் தள்ளினால் நேராக வரும், முன்பாதம் மேலேயும் வரும். பாதத்தின் முன்பகுதி மட்டும் உள்ளே வளைந்து குதிகால் சரியாக இருப்பதும் உண்டு. இவை பெரும்பாலும் வளர வளரத் தானே சரியாகும். "என் பேரனுக்கும் அப்படித்தான் இருந்தது, எண்ணெய் தேய்த்தே சரியாப்போச்சு" என்று ஊரில் யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பேரனுக்கு இருந்தது இந்த மாதிரிப் பாதம். உண்மையான வளைபாதத்தில் குதிகால் மேலே தூக்கிச் சின்னதாக இருக்கும். கெண்டைக்கால் மெலிந்திருக்கும். உள்ளங்காலின் நடுவிலும் குதிகாலுக்கு மேலேயும் ஆழமான மடிப்புக்கோடு விழுந்திருக்கும். கையால் தள்ளினாலும் நேராக வராது. உங்கள் டாக்டர் இதைப் பார்த்திருப்பார். முதுகுத் தண்டின் கீழே கட்டியோ முடிக்கற்றையோ குழியோ இருக்கிறதா, இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதத்தைத் தவிர வேறு குறை எதுவும் இருக்காது. முதுகுத்தண்டுப் பிரச்சினையோடு வரும் பாதம் மட்டும் கொஞ்சம் பிடிவாதமானது. அதற்குக் கட்டும் அதிகம் தேவைப்படும்.

சரி, எண்ணெய். உங்கள் அம்மாவின் கையில் வேகம் இருக்காது, பாசம்தான் இருக்கும். ஆனால் பிரச்சினை இதுதான். கணுக்காலுக்குள் தாலஸ் என்று ஒரு எலும்பு உண்டு. வளைபாதத்தில் மற்ற எலும்புகள் எல்லாம் இந்தத் தாலஸுக்குக் கீழே உள்பக்கமாகச் சுழன்று போய் உட்கார்ந்திருக்கின்றன. பின்னாலும் உள்பக்கத்திலும் இருக்கும் தசைநார்கள் கயிறு மாதிரி இறுகியிருக்கின்றன. வீட்டில் நீவும்போது குதிகாலைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தை வெளியே இழுப்போம். அப்படிப் பிடித்தால் சுழல வேண்டிய எலும்பைச் சுழலவிடாமல் நாமே பூட்டிவிடுகிறோம். அதைவிட மோசம், நுனிக்கால் கீழே இருக்கிறதே என்று பாதத்தை மேலே தள்ளுவது. குதிகால் இறங்காமல் பாதத்தின் நடு உடைந்து, அடிப்பாகம் படகுபோல வளைந்துவிடும். அதைச் சரிசெய்வது முதல் வளைவைச் சரிசெய்வதைவிடக் கஷ்டம். போதாததற்கு, நீவி முடித்த பத்தாவது நிமிஷம் பாதம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பிடித்து வைக்க ஒன்றும் இல்லையே.

கட்டு போடும் அறையில் நடப்பது வேறு. குழந்தையைப் பசியோடு கொண்டுவரச் சொல்வோம். அம்மா மடியில் வைத்துப் பால் கொடுக்க ஆரம்பித்ததும் உடம்பு தளர்ந்துவிடும். டாக்டர் ஒரு கட்டைவிரலைக் கணுக்காலின் வெளிப்பக்கம், தாலஸின் தலைமேல் வைப்பார். குதிகாலைத் தொடவே மாட்டார். இன்னொரு கையால் முன்பாதத்தை மெதுவாக வெளியே கொண்டுபோவார். அழுத்தம் அவ்வளவு லேசானது, பாதி நேரம் குழந்தை கண்ணையே திறக்காது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் அப்படியே பிடிப்பார். எவ்வளவு வந்ததோ அந்த இடத்தில் பஞ்சு சுற்றி, மாவுக்கட்டு நனைத்துச் சுற்றி, மாவு இறுகும்வரை விரலால் வடிவம் கொடுத்துக்கொண்டே இருப்பார். முதலில் முழங்கால் வரை, அப்புறம் முழங்காலை 90 டிகிரி மடக்கி இடுப்புக்கவட்டு வரை. முழங்காலோடு நிறுத்தினால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். போதாது. குழந்தையின் கால் உருண்டை, கட்டு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். தொடை வரை மடக்கிப் போட்டால்தான் பாதம் சுழலாமல் நிற்கும்.

வாரம் ஒரு கட்டு. அந்த ஏழு நாளில் தசைநார்கள் புது நீளத்துக்குப் பழகும். பச்சைக் குழந்தையின் பாத எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான், அதனால் அவையும் புது இடத்துக்கு ஏற்ற வடிவத்தில் வளர ஆரம்பிக்கும். ஒரு வயசு வரை பொறுக்கலாம் என்பவருக்கு இதுதான் பதில். இந்த இளக்கம் நாளுக்கு நாள் குறையும். முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ஆரம்பிப்பது நல்லது. உங்களுக்கு 11 நாள்தான் ஆகிறது, காலம் உங்கள் பக்கம் இருக்கிறது.

முதல் கட்டைப் பார்த்து வீட்டில் அழுகை கிளம்பும், இப்போதே சொல்லிவைக்கிறேன். முதல் கட்டில் பாதம் முன்னைவிட அதிகமாக உள்ளே திரும்பியதுபோலத் தெரியும். வேண்டுமென்றே செய்வதுதான் அது. பெருவிரல் பக்கம் கீழே தொங்கி உள்ளங்காலில் ஒரு குழிவு இருக்கிறது அல்லவா, அதை நிமிர்த்த முன்பாதத்தை மேலே திருப்பிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது கட்டிலிருந்து பாதம் வெளியே வர ஆரம்பிக்கும். நான்காவது, ஐந்தாவது கட்டில் இதற்கு நேர்மாறான பயம் வரும். பாதம் 60, 70 டிகிரி வெளியே திரும்பி வாத்துக்கால் மாதிரி நிற்கும். "ரொம்பத் திருப்பிட்டீங்களே" என்பார்கள். அந்த அளவுக்கு வந்தால்தான் உள்ளே எலும்புகள் சரியான இடத்துக்கு வந்திருக்கின்றன என்று அர்த்தம். பின்னால் நடக்கும்போது பாதம் நேராகத்தான் இருக்கும். ஐந்து முதல் ஏழு கட்டுகளில் பெரும்பாலும் இது முடிந்துவிடும். ஒவ்வொரு வாரமும் ஒரு சீட்டில் மார்க் எழுதுவார்கள், பிரானி ஸ்கோர் என்று பெயர். அதிகபட்சம் ஆறு, வாராவாரம் பூஜ்யத்தை நோக்கி இறங்க வேண்டும். அந்தச் சீட்டை நீங்களும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மார்க் குறைவதைக் கண்ணால் பார்த்தால் அடுத்த வாரம் பஸ் ஏறும் தெம்பு வரும்.

வீட்டில் செய்ய வேண்டியது விரலைப் பார்ப்பது. கட்டு போட்ட அன்று மணிக்கு ஒரு தடவை, அப்புறம் நாளைக்கு நாலைந்து தடவை. விரலை லேசாக அழுத்தினால் வெளுக்கும், விட்டதும் இரண்டு மூன்று நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் நீலமாகவோ சில்லென்றோ வீங்கியோ இருந்தால், குழந்தை பால் குடித்தும் அடங்காமல் அழுதால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல்கள் கட்டுக்குள்ளே மறைந்துபோனால் கட்டு கீழே வழுக்கிவிட்டது என்று அர்த்தம். வழுக்கிய கட்டு இல்லாத கட்டைவிடக் கெடுதல், அதையும் அன்றே காட்டிக் கழற்றிவிட வேண்டும். அடுத்த கட்டுக்கு வரும்போது முந்தின நாளே வீட்டில் ஊறவைத்துக் கழற்றிவிட்டு வராதீர்கள். ஒரு ராத்திரி போதும், கொஞ்சம் பின்னால் போய்விடும்.

குளியல் விஷயத்தில், அம்மாவைப் பெற்ற அம்மாயிமார்களுக்குத்தான் மனசு தாங்காது. எண்ணெய் தேய்த்து, காலில் போட்டு வெந்நீர் வார்த்து, சாம்பிராணி காட்டித் தூங்க வைக்கிற கைக்கு வாரக்கணக்கில் ஈரத்துணியால் துடைத்துவிடு என்றால் கஷ்டம்தான். இடுப்புக்கு மேலே எண்ணெய் தாராளமாகத் தேய்க்கலாம். கட்டு நனையக்கூடாது, அவ்வளவுதான். ஒன்றுக்கு ஊறாமல் துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்ததும் அடுத்த கட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடைக்கும். ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் ஒரு துண்டும் எடுத்துவந்து அந்த இடைவெளியில் பேரனின் காலைக் கழுவித் துடைத்து, மடிப்புகளை ஆற்றிக் கொடுக்கும் அம்மாயிகள் எங்களிடம் உண்டு. நர்ஸ்கள் அவர்களுக்காகவே ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

தடுப்பூசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஆறாவது வார ஊசி தொடையில் போடுவது. அந்தச் சமயத்தில் உங்கள் பையனுக்கு இரண்டு தொடையிலும் கட்டு இருக்கும். கட்டைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் கட்டு போடும் டாக்டரிடமும் முன்கூட்டியே தேதியைச் சொல்லிவிட்டால் எந்த நாளில், எந்த இடத்தில் போடுவது என்று அவர்கள் பேசி முடிவு செய்துவிடுவார்கள்.

பாதம் வெளியே வந்ததும் கடைசியாக மிஞ்சுவது தூக்கி நிற்கும் குதிகால். பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு இதைக் கட்டால் மட்டும் இறக்க முடியாது. குதிகாலுக்குப் பின்னால் கயிறாக இருக்கும் தசைநாணை ஒரு சின்னக் கத்தியால் வெட்டிவிடுவார்கள். ஊரில் இதைக் குதிகால் நரம்பு என்கிறோம், "நரம்பை வெட்டினா கால் செத்துப்போகுமே" என்று பயப்படுகிறோம். அது நரம்பே கிடையாது. தசையை எலும்போடு கட்டும் நாண். மரத்துப்போகும் மருந்து வைத்துச் சில நிமிஷத்தில் முடியும். நூலிழை அளவு கீறல், தையல்கூடப் போடுவதில்லை. வெட்டியதும் பாதம் மேலே வருவதைக் கையில் பிடித்திருப்பவரால் உணர முடியும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நிற்கும். அதோடு ஒரு கடைசிக் கட்டு, மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் வெட்டிய இடைவெளியில் நாண் புதிதாக, நீளமாக வளர்ந்து சேர்ந்துவிடும். பச்சைக் குழந்தைக்குத்தான் இந்த வரம். கட்டின்மேல் குதிகால் பக்கம் ஒரு ரூபாய் அளவு ரத்தக்கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். கறை பெரிதாகிக்கொண்டே போனால் உடனே வாருங்கள்.

இந்த முறைக்குப் பொன்செட்டி முறை என்று பெயர். இக்னாசியோ பொன்செட்டி 1914-இல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு எலும்பு சேர்த்துவிட்டு, நாட்டை விட்டு வெளியேறி, மெக்சிகோ வழியாக அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சின்ன வயதில் பெரிய ஆபரேஷன் செய்த பாதங்கள் பின்னாளில் விறைத்து, வலியெடுத்து நிற்பதைப் பார்த்து, 1940-களின் கடைசியில் இந்தக் கட்டு முறையை உருவாக்கினார். 1963-இல் எழுதி வெளியிட்டும் டாக்டர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் கட்டு போட்டவர்களை 30 வருஷம் கழித்துப் பார்த்த ஆய்வு 1995-இல் வந்தது. நூற்றுக்கு 78 பேரின் பாதம் நன்றாக இருந்தது. அப்புறம் பெற்றோர்களே இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினார்கள். 2009-இல் அவர் இறப்பதற்குள் உலகம் முழுக்க இதுவே முதல் சிகிச்சை ஆகிவிட்டது. அந்தத் தோட்டத்துப் பெரியவர் சொன்னது அவர் காலத்தில் இருந்த வைத்தியம். அன்று அதுதான் வழி. இன்று பச்சைக் குழந்தைக்கு அந்த ஆபரேஷனை முதலில் செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது வாரம் ஆரம்பித்து, ஆறு கட்டு, மேலே மூன்று வாரம். பையனுக்கு மூன்று மாதம் நெருங்கும்போது கட்டெல்லாம் முடிந்து பூட்ஸ் கைக்கு வரும். நம் பக்கம் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் குழந்தையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். அதாவது இந்த ஒன்பது வாரம் கட்டோடு பட்ட பாட்டையெல்லாம் பார்த்தவர் அம்மாயி. பூட்ஸ் போடப் போகும் வீட்டில் இருப்பவர்கள் வேறு. அவர்கள் பார்ப்பது அழகாக நேராக இருக்கும் இரண்டு பாதத்தை. அந்த நேரான பாதத்தில் எதற்கு இந்த இரும்பு என்று தோன்றுவது இயற்கை.

பல வருஷம் முன்னால் ஒரு பெண் குழந்தை வந்தது. அம்மா வீடு சென்னிமலைப் பக்கம், புகுந்த வீடு காவிரிக்கு அந்தப்புறம். ஒரு வாரம்கூடத் தவறாமல் கட்டுக்கு வந்தார்கள். பூட்ஸ் கொடுத்த அன்று நான் தாய்க்கும் அம்மாயிக்கும் கட்டிக் காட்டினேன், 23 மணி நேரம் என்று சொன்னேன், அனுப்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் தாயும் குழந்தையும் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே வீட்டோடு ஒட்டித் தறிக்குடோன், தாய் ராத்திரி ஷிப்ட்டில் தறி ஓட்ட வேண்டும். குழந்தை ராத்திரி அழ, அப்பாவைப் பெற்ற ஆத்தா பொறுக்க முடியாமல் பூட்ஸைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. இரண்டேகால் வயதில் திரும்ப வந்தபோது குழந்தையின் குதிகால் தரையில் படவில்லை. பாதத்தின் வெளி ஓரத்தில் நடந்தாள். அந்த ஓரத்தில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. மறுபடி கட்டுகள், மறுபடி குதிகால் நாண், மறுபடி பூட்ஸ். இப்போது நன்றாக நடக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் ராத்திரி பூட்ஸை யார் கட்டுவார் என்று நான் கேட்காமல் விட்டேன், அது என் தவறு. அன்றிலிருந்து பூட்ஸ் கொடுக்கும் நாளில் குழந்தையின் அப்பாவும் ஆத்தாவும் வராமல் நான் பூட்ஸைக் கையில் கொடுப்பதில்லை.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கடைசிக் கட்டு பிரிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று உங்கள் வீட்டுக்காரரையும் மாமியாரையும் வரச் சொல்லுங்கள். அவர்கள் கையாலேயே ஒரு தடவை கட்டிக் கழற்றிப் பார்க்கட்டும். கிரகணம் பற்றிக் கேட்ட அதே மாமியார், பேரன் பாதத்தைத் தன் கையால் பூட்ஸில் வைத்த பிறகு, அதைக் கழற்ற வருகிறவர்களிடம் சண்டைக்குப் போவதைப் பல வீட்டில் பார்த்துவிட்டேன்.

பூட்ஸ் என்பது ஒரு கம்பியின் இரண்டு முனையில் இரண்டு ஷூ. கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம். வளைந்திருந்த பாதம் 70 டிகிரி வெளியே திரும்பியிருக்கும்படி மாட்டியிருப்பார்கள். ஒரு கால் மட்டும் என்றால் நல்ல கால் 30, 40 டிகிரியில் இருக்கும், இரண்டு காலுக்கும் ஷூ கட்டாயம். முதல் மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரம், குளிக்க ஒரு மணி நேரம் மட்டும் விடுமுறை. அம்மாயியின் வெந்நீர்க் குளியல் இங்கே திரும்ப வந்துவிடும். அப்புறம் ராத்திரியும் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 14 மணி நேரம், நான்கு அல்லது ஐந்து வயது வரை. வளர வளர ஷூ அளவும் கம்பி நீளமும் மாற்ற வேண்டும். ஏன் இவ்வளவு வருஷம்? பாதத்தை வயிற்றுக்குள் வளைத்த அதே இழுப்பு, குழந்தை வேகமாக வளரும் இந்த வருஷங்களில் உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. பொன்செட்டியின் குழுவினர் தங்களிடம் வந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த கணக்கில், பூட்ஸை ஒழுங்காகப் போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் பாதம் திரும்ப வளைந்தது. விட்டவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல்.

முதல் இரண்டு மூன்று ராத்திரி அழுவான். வலியால் அழவில்லை, ஒரு காலைத் தனியாக உதைக்க முடியவில்லையே என்றுதான். கம்பியைப் பிடித்து மெதுவாகத் தள்ளி, இழுத்து, இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்ட விளையாட்டாகப் பழக்குங்கள். சேர்த்து உதைக்கத் தெரிந்ததும் அழுகை நின்றுவிடும். அழும்போது மட்டும் கழற்றாதீர்கள். அழுதால் கழற்றுவார்கள் என்று அந்தப் பிஞ்சுக்கு ஒரே ராத்திரியில் புரிந்துவிடும்.

கட்டும்போது கவனிக்க வேண்டிய இடம் குதிகால். பருத்திச் சாக்ஸ் போட்டு, முழங்காலை மடக்கி, குதிகாலை ஷூவின் அடியில் நன்றாக உட்கார வைத்து, முதலில் நடுப்பட்டையை இறுக்குங்கள். பின்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும் ஷூ என்றால் அதன் வழியாகக் குதிகால் கீழே உட்கார்ந்திருப்பது தெரியும். சரியாக வந்த நாளில் பட்டை எந்தத் துளையில் நின்றதோ அதை மார்க்கர் பேனாவால் குறித்து வைத்துவிடுங்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் யார் கட்டினாலும் அந்தத் துளைக்கே வரும். குதிகாலின் பின்னால் சிவந்தோ கொப்புளமாகவோ இருந்தால் தளர்த்தத் தோன்றும். பெரும்பாலும் காரணம் நேர் எதிரானது. தளர்வாக இருப்பதால் குதிகால் மேலேயும் கீழேயும் வழுக்கித் தேய்கிறது, இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். சிவந்த இடத்தில் எண்ணெயோ கிரீமோ தடவாதீர்கள், தோல் இன்னும் ஊறிப் பிய்ந்துவிடும். கொப்புளம் உடைந்தால் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

சேலைத் தொட்டிலில் கம்பி மாட்டும், துணி இரண்டு பக்கமும் நெருக்கும். சேலைக்குள் குறுக்கே தொட்டில் கட்டையை வைத்து விரித்துக் கட்டினால் இடம் கிடைக்கும். இல்லையென்றால் பாயில் போட்டுத் தட்டித் தூங்க வையுங்கள். பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்துக் கம்பிக்குக் கீழே வைத்தால் உதைக்கும்போது வரும் டக் டக் சத்தமும் குறையும், தூங்குகிற மற்றவர்களுக்கும் நிம்மதி.

மாரியம்மன் நோம்பி, காய்ச்சல், கல்யாண வீடு. பூட்ஸ் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். நோம்பிக்கு நாலு நாள் விட்டோம், அப்புறம் போட்டால் அழுகிறான், அதனால் விட்டுவிட்டோம் என்பார்கள். நாலு நாளில் பாதம் லேசாக இறுகிவிட்டிருக்கும், அதனால் ஷூவில் சரியாக உட்காராமல் உண்மையிலேயே வலிக்கும். அப்படி ஆகிவிட்டால் திட்டுவார்களோ என்று வராமல் இருக்காதீர்கள், அந்த வாரமே வாருங்கள். ஒன்றிரண்டு கட்டில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். நடக்க ஆரம்பித்த பிறகு குதிகால் முதலில் தரையில் படுகிறதா, செருப்பு வெளி ஓரத்தில் மட்டும் தேய்கிறதா என்று பாருங்கள். நடக்கும்போது முன்பாதம் உள்பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும் குழந்தைகள் சிலருக்கு மூன்று வயதுக்குமேல் ஒரு தசைநாணை உள்பக்கத்திலிருந்து பாதத்தின் நடுப்பக்கம் மாற்றி வைக்கும் ஆபரேஷன் தேவைப்படும். அது பழைய பெரிய ஆபரேஷன் மாதிரி மூட்டைத் திறப்பது இல்லை. அதன் பிறகு பெரும்பாலும் பிரச்சினை முடிந்துவிடும்.

செலவு பற்றி யோசித்துத் தள்ளிப்போட வேண்டாம். 2013-இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளைபாதமும் பிறவிக் குறைகளின் பட்டியலில் இருக்கிறது. மாவட்டத்தில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்தில், டிஇஐசி என்று கேட்டால் சொல்வார்கள், பதிவு செய்துகொள்ளுங்கள். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் என்று நம் பக்கம் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே எலும்பு சிகிச்சைப் பிரிவில் எந்தக் கிழமை வளைபாதக் குழந்தைகளைப் பார்க்கிறார்கள் என்று விசாரித்துப் போங்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: பொன்செட்டி முறையில் வாராவாரம் கட்டு போடுகிறீர்களா, தொடை வரை போடுகிறீர்களா? முழங்காலுக்குக் கீழே மட்டும் கட்டு போட்டு மாதம் ஒரு தடவை வரச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். உங்கள் ஊரிலோ உறவிலோ இதே பாதத்தோடு நடக்கும் நாலு வயது, ஆறு வயதுக் குழந்தை இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். காலம் கடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கட்டு கூடுதலாகத் தேவைப்படும், ஆனால் அந்த வயதிலும் இதே முறையில் பாதம் தரையில் பதிய நடக்க வைக்க முடிகிறது.

ஒரு கால் மட்டும் வளைந்திருந்த குழந்தைக்கு அந்தக் காலின் கெண்டை கடைசிவரை கொஞ்சம் மெலிந்தும், பாதம் ஒரு சைஸ் சின்னதாகவும் இருக்கும். உங்கள் பையனுக்கு இரண்டும் ஒரே மாதிரி என்பதால் அது கண்ணுக்கே தெரியாது. நடை மட்டும் மற்றவர்களைவிட ஓரிரு மாதம் தாமதமாக வரலாம். அடுத்த குழந்தைக்கும் வருமா என்றால், நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு வரும். வந்தால் இந்தத் தடவை என்ன செய்வதென்று உங்களுக்கே தெரியும்.

ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்துவீர்கள். பகலில் அன்று பூட்ஸ் வேண்டியதில்லை. தாய்மாமன் மடியில் வெறுங்காலோடு உட்காரலாம், சீராக வரும் புதுச் செருப்பையும் போடலாம். பூட்ஸை மட்டும் மறக்காமல் பையில் எடுத்து வையுங்கள். கோயில் மண்டபத்தில் ராத்திரி தங்குவதாக இருந்தாலும், தூங்கும்போது அவன் காலில் அது இருக்க வேண்டும்.